படியும் அரிசியும்

படலம் என்ற சொல் காதிலே விழுந்தால் தமிழ் படித்தவருடைய மனம் கம்பராமாயணத்துக்கே ஓடும். காண்டத்தைப் படலங்களாக வகுத்துப் படித்துப் பழகிய மனம் அது. முப்பது ஆண்டுகளாகப் படலம் படலமாகப் பாடஞ் சொல்லி வருபவன் நான். அச்சொல்லுக்கு வேறும் ஒரு பொருள் உண்டென்பதை எனக்கு நினைவூட்டியவர் ஒரு கண் வைத்தியர். "சேர், இரண்டு கண்ணிலும் படலம் இருக்கிறது. வலது கண்ணிலே கொஞ்சம் முற்றிவிட்டது" என்றார். அப்பொழுது எனக்கு வயது ஐம்பத்தேழு.

நம்புதற்கு மனம் இடங்கொடுக்கவில்லை. நான் பன்னிரண்டாம் வயது முதல் குறும்பார்வைக்காரன். தூரத்துப் பொருளுக்குக் கண்ணாடி வேண்டும். புத்தகம் என்றால் கண்ணாடியைக் கழற்றி, முகத்தருகே பிடித்துப் படித்துவிடுவேன். நாற்பத்தைந்து வயதிலே உடன் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வெள்ளெழுத்துக் கண்ணாடி தேடியபோது, எனக்கு அது வேண்டியதில்லை என்று பெருமை பேசியிருக்கின்றேன். ஐம்பத்தைந்துக்குப் பின் குறும்பார்வை திடீரென்று ஏறத் தொடங்கிற்று. இரண்டு ஆண்டிலே மூன்று முறை கண்ணாடி மாற்றினேன். கண்ணாடி செய்து தந்தவரைக் குறை கூறினேன். கண்ணினுள்ளே வில்லை தடித்து மங்கும்போது இவ்வாறு குறும்பார்வை ஏறுவதுண்டு என்பதும், வயதானவர் சிலர் "எனக்குக் கண்ணாடியே வேண்டாம், பார்வை திரும்பிவிட்டது" என்று மகிழ்வது உண்மையிலே புரையின் முதற்குறி என்பதும் பின்பே தெரிந்தன. இரவிலே இறம்பொடை வளைவுகளில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு ஆயிரங் கதிராய் வெடித்தபோதும் அதை மூடுபனியின் குற்றமென்றே எண்ணினேன். மலைநாட்டவருக்கு எதற்கும் பனியைக் குற்றஞ் சொல்லும் வசதி உண்டு.

படலம் என்று நாம் வழங்குவது இந்நோய்க்குப் பொருந்தாத பெயர். கண்ணின்மேல் ஏதோ ஆடை படர்ந்திருக்கின்றது, அதனை உரித்தெடுப்பார்கள் என்று மக்கள் எண்ணுவதற்குக் காரணம் அச்சொல்லே. புரை என்பதே தகும். புரை என்றால் குற்றம். பொருளின் உள்ளே பற்றும் குற்றம். வள்ளுவரும் அப்பொருளில் அச்சொல்லை ஆண்டிருக்கின்றார். கண்மணிக்குப் பின்னே, மெல்லிய உறையொன்றினுள், பளிங்குபோலக் கிடக்கின்ற இயற்கை வில்லையே புரையோடி மங்குகின்றது. வயது அதற்குத் தலையாய காரணம். நீரிழிவு, புகைத்தல், ஸ்டீரொயிட் மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல், வெயிலிலே கலந்துவரும் புறஊதாக் கதிர் என்பன துணைக்காரணங்கள். விறகடுப்புப் புகையையும் ஆய்வாளர் சேர்த்துச் சொல்கின்றனர். திறந்த மலையிலே நாளெல்லாம் கொழுந்து கொய்து, மாலையிலே புகை நிறைந்த லயத்து அடுப்படியில் அமர்ந்தவர்களின் கண்களுக்கு இக்காரணங்களில் எது குறைவு?

மங்கிய வில்லையை ஊசியால் அசைத்துக் கண்ணின் பின்புறம் தள்ளிவிடும் முறை சுச்ருதருடைய நூலிலேயே கூறப்படுகின்றது. பின்னாளிலே வில்லையை வெளியே எடுத்துவிடக் கற்றனர். எடுத்த இடத்திலே ஒன்றை வைக்கக் கற்றதோ மிக அண்மையிலே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை நான் என் தந்தையாரிடம் கண்டேன்.

இறம்பொடைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்திலே பிறந்தவன் நான். 1980ஆம் ஆண்டிலே தந்தையாருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். வில்லை எடுக்கப்பட்டது, மாற்று வில்லை இல்லை. அதற்கு ஈடாகச் சோடாப் போத்தலின் அடிபோன்ற கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். பத்து டயொப்டர் அளவுள்ள அத்தகைய கண்ணாடி பொருளை நாலில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். ஆதலின் அருகிலிருப்பதுபோலவும் தோன்றும். தந்தையார் தேநீரைக் கோப்பைக்கு இப்பாலே ஊற்றுவார். பக்கத்தே வருபவர் கண்ணாடியின் ஓரத்திலே மறைந்து, திடீரென்று எதிரே முளைப்பார். எங்கள் லயத்து வாசலிலிருந்து தெருவுக்கு இறங்க நாற்பத்தாறு கற்படிகள். அக்கண்ணாடியோடு தந்தையார் அவற்றை ஒவ்வொன்றாகக் காலாலே தடவித் தடவி இறங்குவதை நான் கீழே நின்று பார்த்திருக்கின்றேன். ஒருநாள் கண்ணாடி விழுந்து உடைந்தது. புதியது வரும்வரை அவர் வீட்டைவிட்டு இறங்கவேயில்லை.

இத்துணைக்கும் மாற்று வில்லை கண்டுபிடிக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1940இலே நடந்த ஆகாயப் போரிலே பிரித்தானிய விமானிகள் சிலருடைய கண்களில் விமானத்தின் மேற்கூட்டுத் துண்டுகள் பாய்ந்தன. அக்கூடு பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனது. அவர்களுக்கு வைத்தியம் செய்த ஹரோல்ட் ரிட்லி, கண் அத்துண்டுகளைப் பகைக்கவில்லை என்பதைக் கவனித்தார். பின்னொருநாள் அவர் செய்த புரைச் சத்திரசிகிச்சையைப் பார்த்துநின்ற மாணவன் ஒருவன், எடுத்த வில்லைக்குப் பதில் ஒன்று வைக்க முடியவில்லையே என்றானாம். 1949 நவம்பர் 29ஆந் தேதி லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிலே ரிட்லி அதே இனப் பிளாஸ்டிக்கால் வில்லை செய்து ஒரு பெண்மணியின் கண்ணுக்குள் வைத்தார். கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பதா என்று பெரியோர் பலர் சீறினர். அச்சீற்றம் தணியப் பல ஆண்டுகள் சென்றன. 2000ஆம் ஆண்டிலே அவருக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது. அதற்கு முன்பே அவர் தம் கண்ணிலும் தாம் கண்ட வில்லையை வைப்பித்துக்கொண்டார்.

இவ்வரலாற்றிலே பலர் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. நமது விஷயத்துக்கு அதுவே முக்கியம். முதல் வில்லை கண்ணிலே நன்றாகவே அமர்ந்தது. ஆனால் அதன் வலு தவறு. ரிட்லி இயற்கை வில்லையின் வளைவையே பின்பற்றினார். பிளாஸ்டிக்கோ அதைவிட மிகுதியாக ஒளியை முறிப்பது. ஆகவே அப்பெண்மணி பதினெட்டு டயொப்டருக்கு மேற்பட்ட குறும்பார்வைக்கு ஆளானார். வில்லை வைப்பதென்பது ஒன்று, எந்த வில்லை வைப்பதென்பது வேறொன்று என்பது அன்றே வெளிப்பட்டது. இன்று கண்ணின் நீளத்தையும் முகப்பின் வளைவையும் கருவியால் அளந்து வலுவைக் கணிக்கின்றார்கள். நீளத்திலே ஒரு மில்லிமீற்றர் பிசகினால் ஏறக்குறைய இரண்டரை மூன்று டயொப்டர் பிசகிவிடும்.

வில்லை ஏழைகளின் கைக்கு எட்டியதிலே தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்ற வைத்தியர் கோ. வெங்கடசுவாமி 1976இலே மதுரையில் பதினொரு கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். முடக்குவாதத்தினால் விரல்கள் கோணிய கைகளாலேயே அவர் சத்திரசிகிச்சை செய்தவர். அந்நிறுவனத்தின் ஒரோலாப் தொழிற்சாலை 1992இலே வில்லைகளைத் தானே செய்யத் தொடங்கியது. நூறு டொலர் அளவில் விற்ற பொருள் பத்து டொலர் அளவுக்கு இறங்கிற்று. ஒருகாலத்திலே எங்கள் தந்தையார் போன்றோருக்கு இல்லை என்றிருந்த ஒன்று, இப்போது எதனைத் தெரிவது என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

இனி என் தமக்கையாரின் கதைக்கு வருகின்றேன். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். நான் பிறந்த 1967ஆம் ஆண்டிலே தோட்டத்திற் பேர் பதிந்து கொழுந்துக்கூடை தூக்கியவர். அன்னையார் மறைந்தபின் என்னை வளர்த்தவரும், நான் பண்டித வகுப்புக்குப் போகப் பணந் தந்தவரும் அவரே. எழுத்தறியார். 2023இன் தொடக்கத்திலே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. போவோம் என்று ஒருவாறு இசைந்திருந்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலே நுவரெலியாவிலிருந்து அச்செய்தி வந்தது. மாவட்டப் பொது வைத்தியசாலையிலே புரைச் சத்திரசிகிச்சை பெற்றவர்களுள் சிலர் பார்வை கெட்டுத் தவித்தனர். வேறு வைத்தியசாலைகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. இந்தியாவிலிருந்து தருவித்த பிரெட்னிசொலோன் என்னும் கண்துளி மருந்திலே குற்றம் இருந்ததென்று கண்டு, அம்மருந்தைப் பாவனையிலிருந்து நீக்கினார்கள். பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அது பேசப்பட்டது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அச்செய்தி வேறொரு வடிவம் எடுத்தது: கண்ணுக்குள் வைத்த வில்லை அழுகிவிட்டது என்றார்கள். செத்தவர் கண்ணை எடுத்து வைக்கின்றார்கள், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் வேறு சிலர். தமக்கையார் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

செத்தவர் கண் என்ற பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. 1961இலே வைத்தியர் ஹட்சன் சில்வா தொடக்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் உலகப் புகழ் பெற்றது. 1964 முதல் நம் நாட்டவரின் கண்கள் கடல்கடந்தும் போயின. ஆயின் அங்கே மாற்றப்படுவது விழிவெண்படலம், அதாவது கண்ணின் முகப்பிலுள்ள தெளிந்த தோல். புரைக்கு வைக்கும் வில்லையோ தொழிற்சாலையிற் செய்தது. இதனை நான் தமக்கையாருக்குப் பலமுறை விளக்கினேன். கெட்டது மருந்து, வில்லையன்று என்பதையும் பத்திரிகையைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சொட்டு மருந்த யாரு பாக்குறது தம்பி?" என்றார். இலக்கணத்திலே எந்த வினாவுக்கும் விடை சொல்லும் நான் அதற்கு விடை சொல்லவில்லை.

ஓராண்டு கழிந்தது. லயத்து வாசற்படியிலே இருமுறை விழுந்தார். இரண்டாம் முறை மணிக்கட்டு வீங்கிற்று. இங்கிலாந்திலே நொட்டிங்ஹாமில் எழுபது வயது கடந்த பெண்கள் முந்நூற்றறுவரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2005இலே வெளியாயிற்று. முதற்கண்ணிலே புரையை விரைவில் எடுத்துக்கொண்டவர்கள், காத்திருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே விழுந்தார்கள். தமக்கையாருக்கு ஆய்வு வேண்டியதில்லை; வீங்கிய கையே போதுமாயிருந்தது. ஒரு நிபந்தனையோடு இசைந்தார். துளிமருந்தை நானே விடவேண்டும்; விடுமுன் ஒவ்வொரு தரமும் சீட்டைப் படிக்கவேண்டும். ஒப்புக்கொண்டேன்.

2024இலே வைத்தியரிடம் சென்றோம். சிங்களத்தவர், தமிழை நன்றாகவே பேசினார். கண்ணை அளந்து முடித்தபின் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு வில்லையைத் தூரத்துக்கு வைக்கவா, கிட்டவுக்கு வைக்கவா?" என்று கேட்டார்.

இவ்விடத்திலே வாசகருக்குச் சிறிது விளக்கவேண்டும. இளமையிலே இயற்கை வில்லை வளைந்து கொடுத்துத் தூரமும் அண்மையும் காட்டும். செயற்கை வில்லை வளையாது. சாதாரணமாக வைக்கும் ஒற்றைக் குவிய வில்லை ஒரு தூரத்துக்கே தெளிவு தரும். மற்றைத் தூரத்துக்குக் கண்ணாடி அணியவேண்டும். எத்தூரம் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே முடிவு செய்யவேண்டும்.

"தூரத்துக்கே வையுங்கள். அவருக்கு வாசிப்புக் கிடையாது" என்றேன் நான்.

தமக்கையார் என் பக்கம் திரும்பினார். "கண்ணு யாருது தம்பி? என்னையக் கேக்கச் சொல்லு" என்றார். பின்பு வைத்தியரிடம், "எனக்குப் படியும் தெரியணுங்க, அரிசியில கெடக்கிற கல்லும் தெரியணும்" என்றார்.

"இரண்டுக்கும் இந்த ஒரு வில்லை போதாது அம்மா. ஒன்றுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். எதற்கு என்று நீங்கள் சொல்லுங்கள்."

அவர் சற்றுநேரம் மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அரிசிக்குக் கண்ணாடி போட்டுக்கிறேன். அரிசிய ஒக்காந்துகிட்டுப் பாக்கலாம். படிய ஒக்காந்துகிட்டா எறங்க முடியும்?"

வைத்தியர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்ன விடையும் அவர் சொன்ன விடையும் ஒன்றே. ஆனால் நான் வழி காட்டாமல் விடையை மட்டும் எழுதிய மாணாக்கன். எழுத்தறியாதவருக்கு அண்மைப் பார்வை எதற்கு என்ற எண்ணமே என் விடையைத் தந்தது. அவர் வாழ்நாளெல்லாம் செய்தது அண்மைப் பார்வைத் தொழில். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே முடிகின்றன என்பதைக் கண்ணும் விரலும் சேர்ந்தறிய, ஒரு நாளைக்குப் பல்லாயிரந் தரம் கொய்தவர். படி என்பது எனக்கு ஏவல் வினை. அவருக்கு அது பெயர்ச்சொல். அந்த வேற்றுமையைக்கூட நான் நினைக்கவில்லை.

அவருடைய முதற்கண் அம்மாதமே முடிந்தது. கட்டு அவிழ்ந்த மறுநாட் காலையிலே வாசலில் நின்று, "கொழுந்து இம்புட்டுப் பச்சையா?" என்று கேட்டார். மங்கிய வில்லை மஞ்சளித்திருக்கும்; நீலத்தையும் ஊதாவையும் தடுக்கும். ஆண்டுக்கணக்கிலே சிறிது சிறிதாக நிகழ்வதால் நாம் அறிவதில்லை. பிரெஞ்சு ஓவியர் மொனே 1923இலே புரை எடுப்பித்துக்கொண்டபின் உலகம் நீலமாகத் தெரிகின்றதென்று முறையிட்டவர். இக்காலத்திலே நீல ஒளியைத் தடுக்கும் மஞ்சள் வில்லையும் கிடைக்கின்றது. விழித்திரையை அது நெடுங்காலம் காக்கும் என்று விளம்பரம் செய்கின்றார்கள். 51 சோதனைகளைத் தொகுத்து 2018இலே வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, அவ்வாறு காப்பதாக உறுதிகூறச் சான்று போதாதென்றது. கேடு செய்வதாகவும் தெளிவில்லை. ஆகவே அதன்பொருட்டு மேற்பணம் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன்.

அடுத்து என் முறை. பணம் கொடுக்கக்கூடியவன் என்று கண்டதனாலோ என்னவோ, தனியார் நிலையமொன்றிலே எனக்கு வண்ணப் புத்தகம் ஒன்று தந்தார்கள். பல்குவிய வில்லை, கண்ணாடியே வேண்டாம், வாசிக்கலாம், வாகனமும் ஓட்டலாம். விலை சாதாரண வில்லையைப்போற் பல மடங்கு. இரண்டு நாள் அப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அவ்வில்லை வைத்தவர். பகலிலே அவருக்குக் குறையொன்றுமில்லை. கண்ணாடியின்றிப் பாடமும் நடத்துகின்றார், பத்திரிகையும் வாசிக்கின்றார். இரவிலேதான் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வட்டம். சந்திரனைச் சூழும் ஊர்கோளைப் பழம்புலவர் எளிதிற் பாடிவிட்டனர். எதிரே வரும் லொறியின் இரு விளக்குக்கும் ஊர்கோள் இருந்தால் இறம்பொடை வளைவிலே பாட்டு வராது. அவ்வில்லை உள்ளே வரும் ஒளியைப் பங்கிட்டுச் சிறிது தூரத்துக்கும் சிறிது அண்மைக்கும் கொடுக்கின்றது. அதனால் மங்கிய வெளிச்சத்திலும் மூடுபனியிலும் பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்தறியும் ஆற்றல் குறையும். பலருக்கு நாளடைவிலே வட்டங்கள் பழகிவிடுகின்றன. சிலருக்குப் பழகுவதில்லை. நீரிழிவினால் விழித்திரை கெட்டவருக்கும், கண்ணமுக்க நோய் முற்றியவருக்கும் அதனை விதிப்பது அரிது.

கண்முகப்பின் வளைவு ஒழுங்கில்லாதவருக்கு டொறிக் வில்லை உண்டு. அதைக் குறித்த கோணத்திலே வைக்கவேண்டும். ஒரு பாகை திரும்பினால் பயனிலே நூற்றுக்கு மூன்று பங்கு போகும். முப்பது பாகை திரும்பினால் பயனே இல்லை. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை அண்மைக்கும் வைக்கும் வழக்கமும் உண்டு. எனக்கு நாற்பத்தாறு படிகள் நினைவுக்கு வந்தன; ஆழம் அறிய இரண்டு கண்ணும் ஒத்துழைக்கவேண்டுமே என்று அதை விட்டேன்.

எஞ்சியது பழைய கேள்வி: தூரமா, அண்மையா? என் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் இறம்பொடை அருவி தெரியும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழுவது. பன்னிரண்டு வயதுக்குப்பின் கண்ணாடியின்றி அதனை நான் கண்டதில்லை. வில்லையைத் தூரத்துக்கு வைத்தால் காலையிற் கதவைத் திறந்ததும் அருவி கண்ணுக்குள் விழும். வைத்தியர் பெரும்பாலோருக்கு அதையே செய்வதாகவும் சொன்னார். மனம் அங்கேதான் சாய்ந்தது. தமக்கையாரிடம் சொன்னேன். அவர் தமது நியாயத்தையே எனக்கும் சொல்வார், புத்தகத்தை உட்கார்ந்துதானே படிக்கின்றாய், அதற்குக் கண்ணாடி போட்டுக்கொள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "நீ ஒரு நாளைக்கு எத்தன மணி ஒக்காந்திருக்க, எத்தன மணி நடக்குற?"

எண்ணிப் பார்த்தேன். கல்லூரியிலே விடைத்தாள், வீட்டிலே பழைய பதிப்புக்கள், அடிக்குறிப்பிலே எறும்பு போன்ற எழுத்து. நாற்பது ஆண்டுகளாகப் படுக்கையிலே சாய்ந்து, இடையிலே ஒன்றுமின்றி, எழுத்தோடு முகம் வைத்துப் படித்தவன் நான். தூரத்துக்கு எப்போதும் கண்ணாடி போட்டே பழகியவன். அது எனக்குப் புதுச்சுமையன்று. வைத்தியரிடம் சென்று அண்மைக்கே வையுங்கள் என்றேன். நூலை எவ்வளவு தூரத்திற் பிடிப்பீர்கள் என்று அளந்தார். நாற்பது சென்ரிமீற்றர். அதற்கு இரண்டரை டயொப்டர் குறும்பார்வையை மிச்சம் வைக்கவேண்டும். "காசு கொடுத்துக் குறும்பார்வை வாங்கியவர்" என்று ஆசிரியர் அறையிலே எனக்குப் பெயர் வந்துவிட்டது.

புத்தகங்கள் சொல்லாத ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகின்றேன். வலக்கண் முடிந்து இடக்கண் முடியும்வரை எனக்கு இருந்த மூன்று கிழமையும் வேதனை. ஒரு கண் இரண்டரை, மற்றது எட்டு. எந்தக் கண்ணாடியாலும் இரண்டையும் இணைக்க முடியவில்லை. ஒரு மனிதர் இரண்டாகவும், ஒருவர் மற்றவரைவிடச் சிறியவராகவும் தெரிந்தார். கடுங்குறும்பார்வை உள்ளவர் இரண்டாங் கண்ணுக்கும் முன்கூட்டியே நாள் வாங்கிக்கொள்வது நன்று.

துளிமருந்துக் காலம் ஒரு நோன்புபோற் கழிந்தது. தமக்கையாரின் நிபந்தனைப்படி ஒவ்வொரு தரமும் பெயர், தொகுதி இலக்கம், முடிவுத் தேதி மூன்றையும் உரக்க வாசித்தேன். அவர் கேட்டபின்பே முகத்தை நிமிர்த்துவார். மருந்து குற்றமுடையதா என்பதை அவ்வாசிப்புக் காட்டாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். முதல் நாட்களிலே நோவு மிகுந்தால், சிவந்தால், தெரிந்த பார்வை குறைந்தால் ஒரு மணிநேரமும் தாமதியாது வரும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். கிருமி உள்ளே புகுவது ஆயிரத்தில் ஒருவருக்கு நேர்வதே. நேர்ந்தால் கண்ணைக் காப்பது சில மணிநேரத்தின் கையில் இருக்கின்றது. லயத்திலிருந்து வைத்தியசாலைக்கு எந்த வாகனம், யாருடைய முச்சக்கரவண்டி, இரவிலே யாரை எழுப்புவது என்பதையெல்லாம் முன்னரே பேசி வைத்தோம்.

ஓராண்டின்பின் தமக்கையார், "மறுபடி பொகையா இருக்கு தம்பி" என்றார். படலம் திரும்ப வந்துவிட்டது என்று அயலார் முடிவு கட்டினர். வில்லை கெட்டுவிட்டதோ என்று நானும் நடுங்கினேன். நிகழ்ந்தது அதுவன்று. இயற்கை வில்லை இருந்த உறையை விட்டுவைத்து அதனுள்ளேதான் புதுவில்லையை அமர்த்துகின்றார்கள். அவ்வுறையின் பின்புறத்திலே எஞ்சிய உயிரணுக்கள் வளர்ந்து படர்ந்துவிடும். முன்னாளைய வில்லைகளிலே ஐந்தாண்டுக்குள் நாலில் ஒருவருக்கு மேல் இது நேர்ந்தது; ஓரம் கூர்மையாக வெட்டிய புதிய அக்ரிலிக் வில்லைகளிலே குறைவு. லேசர் ஒளியால் உறையிலே ஒரு துவாரம் செய்தார்கள். கத்தியில்லை, கட்டில்லை, சில நிமிடங்களில் முடிந்தது. நான் முன்பு குறைகூறிய படலம் என்ற பெயர், உண்மையிலே படர்ந்த ஆடையாகிய இதற்கன்றோ பொருந்தும்!

வில்லை பெரும்பாலும் நம்மைவிட நீண்டகாலம் வாழும். நீரை உறிஞ்சும் இனத்து அக்ரிலிக் வில்லைகள் சிலவற்றில் ஆண்டுகள் கழித்துச் சுண்ணாம்பு படிந்து, மாற்றவேண்டி வந்ததுண்டு. ஆகையால் எந்த இனம் என்று கேட்டுக்கொள்வது நன்று. ஆயினும் பிற்காலப் பார்வையைக் கெடுப்பது வில்லையைவிட அதன் பின்னே உள்ள விழித்திரையே என்பதை இவ்விரண்டு ஆண்டிலே கற்றேன். தமக்கையாருக்குச் சீனி வியாதி உண்டு. சீனி ஏறினால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசியும். அதற்கு எந்த வில்லையும் மருந்தாகாது. எனக்கு வேறோர் அபாயம். அறுபதுக்குட்பட்ட ஆண், நீண்ட கண்ணுடைய குறும்பார்வைக்காரன் என்ற மூன்றும் கூடினால், சத்திரசிகிச்சைக்குப் பின் பல ஆண்டுகள்வரை விழித்திரை கழரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். கண்ணுக்குள்ளே மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ, ஓரத்திலே திரை இறங்கினாலோ அன்றே போகவேண்டும். இரவிலே மலைமேல் மின்னும்போது இப்போதெல்லாம் முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கின்றேன், வெளியே மின்னியதா உள்ளே மின்னியதா என்று.

அமெரிக்காவிலே சியாற்றில் நகரத்து ஆய்வாளர் 65 வயது கடந்த 3,038 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, புரை எடுப்பித்தவருக்கு மறதிநோய் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு குறைவென்று 2021இன் இறுதியிலே வெளியிட்டனர். உடல் நலமுள்ளவரே சத்திரசிகிச்சைக்குத் துணிவர் என்ற தடையை அவர்களும் எண்ணிக் கணக்கிட்டே சொல்கின்றனர். எனினும் நான் அதை முற்றும் நம்பிவிடவில்லை. தமக்கையாரிடம் சொன்னபோது, "ஆளு மொகம் தெரிஞ்சாத்தானே பேரு ஞாபகம் வரும்" என்று அதனை முடித்துவிட்டார்.

வில்லை வைத்தவருக்குச் சிறு அட்டையொன்று தருவார்கள். வில்லையின் இனம், வலு, தொடரிலக்கம் எல்லாம் அதிலே இருக்கும். பிற்காலத்திலே வேறு வைத்தியர் பார்க்க நேர்ந்தால் அது வேண்டும். தமக்கையார் தமது அட்டையை அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடிதம் ஆகியவற்றோடு பழைய பிஸ்கட் தகரத்திலே வைத்திருக்கின்றார். போன ஞாயிறன்று போயிருந்தபோது தகரத்தைத் திறந்து, வைத்தியர் அடுத்த முறை எப்போது வரச் சொன்னார் என்று பார் என்றார். கண்ணாடியைக் கழற்றி, அட்டையின் பின்புறத்திலே பொடியெழுத்தில் எழுதியிருந்த தேதியை வாசித்தேன். அவர் சுளகை மடியில் வைத்து, மூக்கின் நுனியிலே தமது அரிசிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தேதியை இருமுறை கேட்டார். பின்பு கண்ணாடிக்கு மேலாகத் தெருவை நோக்கினார்.

"நுவரெலியா பஸ் மேல் வளைவுல வருது தம்பி. கண்ணாடியப் போட்டுக்கிட்டு எறங்கு. மூணாம் படி ஆடுது, பாத்து."